முயலுக்குக் கால் அடிபட்டால்: முதல் பத்து நிமிடம் தொடங்கி ஆறாவது வாரம் வரை

தை நோம்பிக்கு (பொங்கலுக்கு) வந்திருந்த ஒரம்பரைப் பையன், அதாவது உறவுக்காரப் பையன், ஒருவன் எங்கள் முயல் வெள்ளச்சியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினான். அது பின்னங்காலால் ஓர் உதை உதைத்தது. பையன் கையை விட்டுவிட்டான். மூன்றடி உயரந்தான், ஆனால் கீழே டைல்ஸ் தரை. எழுந்து மூன்று காலில் நொண்டிக்கொண்டே போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் இருந்த ஏழெட்டுப் பேரும் குனிந்து காலைத்தான் பார்த்தோம். "பத்த வெச்சுக் கட்டுனாச் செரியாப் போயிருமுங்" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்; மூங்கில் பத்தையை அண்டை கொடுத்துக் கட்டுவதைச் சொன்னார். காலமெல்லாம் ஆடு மேய்த்த அம்மாயி (அம்மாவின் அம்மா) மட்டும் வேறொன்றைக் கேட்டார்: "புழுக்க போட்டுச்சா கண்ணு?"

அன்றைக்கு அந்தக் கேள்வியை யாரும் சட்டை செய்யவில்லை. அதற்கப்புறம் பெருந்துறை, காங்கேயம், திருப்பூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு முயல்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தாயிற்று. கால் முறிவே உயிரை எடுத்த முயல் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. வலியில் தின்பதை நிறுத்தி, குடல் ஓட்டம் நின்று செத்த முயல்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் கால் கொஞ்சம் பின்னால்தான் வரும். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. அடிபடும் முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

மூடியும் காற்றோட்டமும் உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடை அல்லது கெட்டியான அட்டைப்பெட்டி. இரண்டு தடித்த துண்டு; சென்னிமலைத் துண்டு போதும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) ஒரு பாட்டில், காஸ் துணி, ஊசி இல்லாத சிரிஞ்ச் 1 மில்லி, 5 மில்லி, 10 மில்லி என்று ஒவ்வொன்றில் இரண்டு. காய்ந்த புல், முயல் பெல்லட் (குச்சித் தீவனம்).

இவற்றோடு ஒரு சமையலறைத் தராசும் ஒரு நோட்டும். மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்தால் ஆபத்து நேரத்தில் கை கொடுக்கும். மருந்தெல்லாம் எடைக்கணக்கில்தான். "ஒண்ணரைக் கிலோ இருக்குமுங்" என்று குத்துமதிப்பாகச் சொல்லி, நிஜத்தில் இரண்டரைக் கிலோ இருந்தால் வலி மருந்து பாதிதான் வேலை செய்யும்.

முக்கியமான இன்னொன்று, முயல் பார்க்கும் டாக்டர் யார் என்பது. நம் பக்கத்தில் மாடு, ஆடு, கோழி, நாய் பார்க்கும் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்கள் குறைவு. "முயல் பார்ப்பீங்களா, எக்ஸ்ரே இருக்குதுங்களா, ராத்திரி போன் எடுப்பீங்களா?" என்று நல்ல நாளிலேயே கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உள்ளூர் மருத்துவர் பெரிய இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால், முதலில் போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 1962 கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் எண். யாருமே கிடைக்காத நேரத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

2. முதல் பத்து நிமிடம்: துரத்தாதீர்கள், காலைத் தொடாதீர்கள்

எல்லோரும் செய்யும் தவறு, கட்டிலுக்கு அடியில் போன முயலைச் சீமாற்றால் தள்ளி வெளியே எடுப்பது. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7 முதல் 8 சதவீதந்தான். பூனைக்கு அது 12, 13 சதவீதம். எலும்பு அவ்வளவு லேசு, பின்னங்கால் தசையோ அவ்வளவு பலம். பயந்து உதறும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடிய பிராணி இது. ஒரு கால் போன முயலைத் துரத்தி முதுகெலும்பையும் போக்கிவிட்டால் அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

முதலில் நாய், பூனை, குழந்தைகள், டிவி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். விளக்கைக் குறையுங்கள். கட்டிலின் மற்ற மூன்று பக்கமும் தலையணை வைத்து அடைத்து, திறந்த பக்கம் கூடையைச் சாய்த்து வையுங்கள். இருட்டாக இருப்பதால் பெரும்பாலும் தானே உள்ளே போகும்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், துண்டை மேலே போட்டு, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்து உங்கள் வயிற்றோடு ஒட்டித் தூக்குங்கள். தரையில் உட்கார்ந்துகொண்டே செய்தால், கை நழுவினாலும் அரை அடிதான். காதைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறது, வசதியாகக் காலைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பயத்தில் விறைத்துக் கிடப்பது. வலியோடு அந்தப் பயமும் சேர்ந்தால் வயிறு இன்னும் சீக்கிரம் நிற்கும்.

ஒரு சின்ன விலகல். கொறங்காட்டிலோ (மேய்ச்சல் நிலத்திலோ) சோளக்காட்டிலோ அடிபட்டுக் கிடப்பது காட்டு முயல் என்றால் இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது. அது வேறு இனம், 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. பெட்டியில் மூடி வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

3. கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் பிரியுங்கள்

கூடைக்குள் போனபின் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். முயல் வலியை மறைக்கும். அடிபட்டது தெரிந்தால் அடித்துத் தின்ன வருவார்கள் என்பது அதன் பிறவிக் கணக்கு. கத்தவில்லை, அதனால் வலியில்லை என்று நினைக்க வேண்டாம். கண் பாதி மூடி, முதுகைக் கூனிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தால் நல்ல வலி.

உடனே, அந்த நிமிடமே கிளம்ப வேண்டியவை இவை: எலும்பு வெளியே தெரிவது; ஐந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காதது; கால் வேண்டாத கோணத்தில் தொங்குவது; பாதம் சில்லிட்டுப் போயிருப்பது; இரண்டு பின்னங்காலையும் இழுத்துக்கொண்டு போவது, தானாக மூத்திரம் ஒழுகுவது (இது முதுகெலும்பு அடியாக இருக்கலாம்); நாயோ பூனையோ கடித்தது. கடித்த ஓட்டை கடுகளவுதான் தெரியும். பல் உள்ளே எவ்வளவு இறங்கியது, என்னென்ன கிருமியை விட்டுப் போனது என்பது இரண்டு நாள் கழித்துச் சீழாகத்தான் தெரியும். தெரியாத நாய் கடித்த முயலைக் கையுறை போட்டுத் தொடுங்கள், நாய் விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

காலை ஊன்றுகிறது, லேசாகத்தான் நொண்டுகிறது, புல்லையும் கடிக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்கலாம். அதுவும் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தால் மட்டும்.

நகம் பிய்ந்த கேஸ் வேறு. ரத்தத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சின்ன விஷயம். சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) நுனியில் வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

4. ரத்தம் வந்தால்

சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறைந்த ரத்தம் துணியோடு பிய்ந்து வரும்.

காயத்தில் மண் ஒட்டியிருந்தால் சலைனை ஊற்றி அலசுங்கள். மஞ்சள், காப்பித்தூள், டெட்டால் எதுவும் வேண்டாம். மஞ்சள் அப்பிய காயத்தைச் சுத்தம் பண்ணவே மருத்துவருக்குக் கால்மணி நேரம் போகும். அத்தனை நேரமும் முயலுக்கு வலி. கயிறு போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்த ஓட்டம் நின்றால், முறிந்து சேரக்கூடிய காலும் அழுகும்.

5. பத்தை வைத்துக் கட்டலாமா?

கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆட்டுக்கு மூங்கில் பத்தை கட்டி அவர் சரிபண்ணியதை நானே பார்த்திருக்கிறேன். முயல் கால் வேறு மாதிரி.

முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால் கட்டு நிற்கும், மருத்துவரும் சில சமயம் அதைத்தான் செய்வார். தொடை எலும்பு முறிந்திருந்தால் கட்டு அதற்கு மேலிருக்கும் மூட்டைப் பிடிக்க வழியில்லை. கட்டிய பத்தை கீழே கனமாகத் தொங்கி, முயல் அசையும்போதெல்லாம் முறிந்த இடத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடும். கூர்மையான எலும்பு முனை தசையைக் குத்திக் கிழிக்கும். எங்கே முறிந்தது என்று எக்ஸ்ரே இல்லாமல் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாட்டுக் கட்டு போட்டு ஐந்து நாள் பிரிக்காமல் விட்டார்கள். நாற்றம் வந்தபின் பிரித்தார்கள். முறிவு பாதத்துக்குப் பக்கத்தில், சேர்ந்திருக்கக்கூடிய முறிவு. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

6. மருத்துவரிடம் கொண்டுபோவது

கூடையின் அடியில் துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். பக்கங்களில் துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்தால் வளைவில் வண்டி திரும்பும்போது முயல் உருளாது. ஒரு பிடி புல் உள்ளே இருக்கட்டும், வழியில் தின்றாலும் தின்னும். மேலே மெல்லிய துணி போட்டு மூடுங்கள்.

பைக்கில் போவதென்றால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மடியில் கூடையை வைத்துக்கொள்ள வேண்டும். டேங்க் மேல் வைத்துக் கட்டிப் போகாதீர்கள், அதன் சூடே போதும். பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கம் பகல் வெயில் முயலைக் கொல்லும். 30 டிகிரிக்கு மேலேயே அதற்குத் திணறல்தான். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துணி சுற்றி, கூடையின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்தால் நகர்ந்துகொள்ளும்.

ஜோடி முயல் இருந்தால் அதையும் கூட்டிப் போகலாம். தனியாகப் பிரிந்து வந்த முயல் தின்ன மறுக்கும். ஜோடியைப் பல நாள் பிரித்தால் பிறகு சேர்க்கும்போது சண்டை போட்டுக்கொள்ளவும் செய்யும்.

7. மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்

சொல்ல வேண்டியவை: எடை, எப்போது அடிபட்டது, கடைசியாக எப்போது தின்றது, கடைசிப் புழுக்கை எப்போது.

கேட்க வேண்டியவை நான்கு. எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போனதும் மறந்துவிடும்.

ஒன்று, வலி மருந்து எத்தனை நாளைக்கு? பெரும்பாலும் மெலாக்சிகாம் சிரப் தருவார்கள். முயல் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுவதால் நாய்க்கான அளவு இதற்குப் போதாது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சத்து வற்றிய உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், குடிக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு, ஆன்டிபயாடிக் எது? அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, விஷம் உண்டாக்கும் கிருமி பெருகிவிடும். நாய்க்கும் மாட்டுக்கும் நாள்தோறும் எழுதிப் பழகிய கை சில சமயம் இதையும் எழுதிவிடும். பணிவாகக் கேட்பதில் தப்பில்லை: "இது முயலுக்கு வாய்வழியாக் கொடுக்கலாமுங்களா சார்?"

மூன்று, ஆபரேஷன் என்றால் பட்டினி போட வேண்டுமா? வேண்டியதில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய்க்குச் சொல்லும் காரணம் இதற்கு இல்லை. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் குடல் நிற்கும் அபாயந்தான் மிச்சம்.

நான்கு, என்னென்ன வழி இருக்கிறது? சில முறிவுக்குக் கூண்டில் அடக்கி வைப்பதே வைத்தியம். சிலதற்குக் கட்டு. சிலதற்குக் கம்பி அல்லது பிளேட். முயல் எலும்பு கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும் ஜாதி என்பதால் எல்லா முறிவிலும் கம்பி நிற்காது. காலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால் அதிர்ச்சியடைய வேண்டாம். மூன்று காலில் நன்றாக வாழும் முயல்கள் உண்டு. சேராத எலும்போடு வலியில் கிடப்பதைவிட அது மேல் என்பது என் கருத்து. குண்டு முயலாக இருந்தால் மட்டும் மிச்சக் காலுக்குப் பாரம் கூடும், எடையைக் குறைக்க வேண்டிவரும்.

8. வீட்டில் வார்டு அமைத்தல்

மூன்றடிக்கு இரண்டடி இடம் போதும். காலை நீட்டிப் படுக்கலாம், இரண்டு எட்டு வைக்கலாம், தாவ முடியாது. அவ்வளவுதான் கணக்கு. "பாவம், அடைச்சு வெக்கறதா" என்று வீட்டில் யாராவது திறந்துவிடுவார்கள். ஒரே ஒரு தாவல், மூன்று வாரத்துச் சேர்க்கை போச்சு.

கம்பி வலைத் தரை உள்ள கூண்டு ஆகாது. முயல் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல மெத்தைச் சதை கிடையாது, ரோமந்தான். மூன்று காலில் பாரத்தைச் சுமக்கும்போது கம்பி அறுத்து நல்ல காலிலும் புண் வரும்.

நான் போடும் அடுக்கு இது: கீழே பவானி ஜமக்காளம் ஒன்று, வழுக்காமல் இருக்க. டைல்ஸிலும் கிரானைட்டிலும் முயலுக்குப் பிடிமானம் கிடைக்காது. கால் அகன்று விரிவதே இன்னொரு காயம். அதன்மேல் நாலு மடிப்பு நியூஸ்பேப்பர். மேலே பருத்தித் துணி. திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும், மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் நூல் பிரிந்த துண்டு வேண்டாம். விரலில் சுற்றிக்கொள்ளும், தின்றுவிட்டால் குடலில் சிக்கும். துணியையே தின்கிற முயல் என்றால் புல்லை மட்டும் தடிமனாகப் பரப்புங்கள்.

மூத்திரத் தட்டின் விளிம்பு ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீர் கனமான, தாழ்ந்த போசியில் (கிண்ணத்தில்). உருளைப் பாட்டில் மாட்டியிருந்தால் நிமிர்ந்து குடிக்க வேண்டும், வலியில் குடிக்காமலே இருந்துவிடும். இரண்டு கிலோ முயல் ஒரு நாளைக்கு 200 மில்லி வரை குடிக்கலாம். வைத்த அளவும் மீந்த அளவும் நோட்டில் ஏறட்டும்.

ஜோடி முயலைப் பக்கத்திலேயே, தடுப்புக்கு அந்தப்புறம் வையுங்கள். மூக்கு உரசிக்கொள்ள முடிந்தால் போதும்.

9. வயிறு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

வெள்ளச்சிக்கு வருகிறேன். அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். "ஊசி போட்டாச்சு, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டோம். காலையில் பார்த்தால் வைத்த புல் வைத்தபடி. தட்டில் ஒன்பது புழுக்கை, அதுவும் கொத்தமல்லி விதை அளவு, கறுத்து, காய்ந்து, இரண்டு மூன்று புழுக்கை முயல் ரோமத்தில் கோத்த பாசிமணி போல. அம்மாயி விரலால் ஒன்றை நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. "வவுறு கட்டிப் போச்சு கண்ணு. காலு அப்பறம் பாக்கலாம்" என்றார்.

நல்ல புழுக்கை பட்டாணி அளவில், உருண்டையாக, ஒரே சீராக இருக்கும். நசுக்கினால் உள்ளே புல் தூள் தெரியும். சிறுத்தால், குறைந்தால், கோத்து வந்தால் எச்சரிக்கை. 12 மணி நேரம் தின்னவுமில்லை, புழுக்கையும் இல்லை என்றால் நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்பலாம். காரணம் இதுதான்: முயலின் குடல் நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அசையும். நார் நின்றால் அசைவு நிற்கும், உள்ளே இருப்பது புளித்து வாயு கட்டும், வாயு வலியைக் கூட்டும், வலி தின்ன விடாது. வட்டம் பூட்டிக்கொள்ளும்.

தீனியில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்தான். விலை கொடுத்து வெளிநாட்டுத் திமோத்திப் புல் வாங்க முடியாவிட்டால், நிழலில் உலர்த்திய கொழுக்கட்டைப் புல், அருகம்புல் நன்றாகவே வேலை செய்யும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்துத் தராது. கடலைக்கொடியில் பூஞ்சை வாடை துளி அடித்தாலும் வீசிவிடுங்கள். வரப்பில் அறுத்த புல்லென்றால் அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டு அறுங்கள்.

ஆசை காட்ட கொத்தமல்லித் தழை, கல்யாண முருங்கை இலை, முயல் மசால் என்னும் தீவனச் செடி. வழக்கமாகத் தின்று பழகிய தழை மட்டும். சீக்கு நாளில் புதுத் தீனி வேண்டாம்.

தானாகத் தின்னாவிட்டால் ஊட்ட வேண்டும். பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, கூழ் பதத்தில் எடுங்கள். கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி அளவு, நாலைந்து வேளையாகப் பிரித்து. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு காலி இடம் இருக்கும். அங்கே பக்கவாட்டில் சிரிஞ்ச் முனையை வைத்து அரை மில்லி, ஒரு மில்லியாக விடுங்கள். அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து அடுத்தது. நேராக வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும்.

ஒரு முக்கியமான விலக்கு: வயிறு உப்பி, பந்து போல விறைப்பாக இருந்தால் ஊட்டாதீர்கள். அது அடைப்பாக இருக்கலாம். காது சில்லிட்டு, உடம்புச் சூடு 38 டிகிரிக்குக் கீழே போயிருந்தாலும் முதலில் மருத்துவர்தான்.

எலும்பு சேர என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்: பால், முட்டை, கால்சியம் சிரப், பிரண்டைத் துவையல். நான்கும் வேண்டாம். தீனியில் உள்ள கால்சியத்தை முயல் உடம்பு அளவில்லாமல் எடுத்து, மிச்சத்தை மூத்திரத்தில் தள்ளும். அசையாமல் கிடக்கும் முயலுக்கு அது மூத்திரப் பையில் சுண்ணாம்புக் கூழாகத் தங்கும். குதிரை மசால் என்னும் தீவனத்தையும் இதே காரணத்துக்காக வளர்ந்த முயலுக்குக் குறைத்துக் கொடுங்கள். பிரண்டை நமக்கே நாக்கில் அரிக்கும்.

10. மருந்து கொடுக்கும்போது

நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். "நல்லாத்தான் இருக்குது" என்று மூன்றாம் நாள் வலி மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் நாலாம் நாள் வயிறு நின்றுவிட்டது என்று போன் செய்கிறார்கள். அது நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். வீட்டில் இருக்கும் மனுஷ மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சி வராமல் இருக்க நாய்க்கு விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயலுக்கு விடவே கூடாது, அது அதற்கு விஷம்.

11. கட்டைப் பார்த்துக்கொள்வது

காலை, மாலை இரண்டு வேளை. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். பின்னங்காலில் நாலு விரல், முன்னங்காலில் உள்பக்கம் இருக்கும் குட்டி விரலோடு ஐந்து. மற்றக் காலைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வீங்கியிருந்தால், சில்லிட்டிருந்தால், விரல் நடுவே இடைவெளி அகன்றிருந்தால் கட்டு இறுக்கம். அன்றே போங்கள்.

அப்புறம் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் முன்பே நாற்றம் சொல்லிவிடும். நனைந்த கட்டு தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும், அதனால் மாற்றியே ஆக வேண்டும். பாலித்தீன் சுற்றிப் பாதுகாப்பது உள்ளே வியர்க்க வைக்கும்.

கட்டைக் கடிக்கும் முயலுக்குக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொல்வார்கள். மாட்டலாம், ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முயல் ஒருவகை மெத்தென்ற, பளபளப்பான, திராட்சைக் கொத்து போன்ற புழுக்கையைத் தன் பின்புறத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்னும். அதில்தான் பல சத்துகள் அதற்குக் கிடைக்கின்றன. கூம்பு இருந்தால் எட்டாது. அதை நீங்கள் எடுத்து வாயருகே வைக்க வேண்டும். நிறையக் கடிக்கிறது என்றால் கட்டுக்குள் ஏதோ உறுத்துகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

12. பின்புறச் சுத்தம்

கால் முடியாத முயல் குனிந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. மூத்திரம் படும் இடத்தில் ரோமம் உதிர்ந்து தோல் சிவக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்துங்கள். முழுசாகத் தண்ணீர் வார்க்காதீர்கள். அந்த அதிர்ச்சியிலேயே போன முயல்கள் உண்டு.

ஈதான் பெரிய எதிரி. அழுக்கான ரோமத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் பொரிந்து புழு சதைக்குள் இறங்கும். மழைக்காலத்தில் கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டுங்கள். தினம் இரண்டு முறை வாலைத் தூக்கிப் பாருங்கள். ஒரு புழுவைக் கண்டாலும் அது அவசர கேஸ்.

13. மூன்றாவது வாரம் முதல்

இந்த வாரத்தில்தான் முயலுக்குத் தெம்பு வரும், வீட்டாருக்குப் பொறுமை போகும். எலும்பு இன்னும் சேர்ந்திருக்காது. வளர்ந்த முயலுக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், குட்டிக்குச் சீக்கிரம். மூன்று, நாலு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அடுத்ததை மருத்துவர் முடிவு செய்வார்.

இதற்கிடையில் நல்ல காலின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலில் ரோமம் தேய்ந்து தோல் பளபளத்தால் படுக்கையை இன்னும் மெத்தென்று ஆக்குங்கள். ஊன்றாத காலின் நகம் தேயாமல் நீளும், வெட்டிவிட வேண்டும். நீண்ட நகம் துணியில் மாட்டினால் பயத்தில் இழுக்கும், சேர்கிற எலும்புக்கு அது ஆகாது. எடையை வாரம் இரண்டு முறை எழுதுங்கள்.

14. கட்டைப் பிரித்த பிறகு

கால் மெலிந்து, மூட்டு விறைத்து, ரோமம் ஒட்டிப்போய் இருக்கும். பார்த்துப் பயப்படாதீர்கள். காலைப் பிடித்து நீட்டி மடக்கி உடற்பயிற்சி கொடுப்பது மருத்துவர் காட்டிக் கொடுத்தால் மட்டும்.

முதல் வாரம் அதே வார்டு. இரண்டாவது வாரம் ஜமக்காளம் விரித்த ஆறடிக்கு நாலடி இடம், பத்துப் பத்து நிமிடமாக. காய்ந்த புல்லை நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் தின்பதற்காக மெதுவாக நடக்கும். ஓட்டமும் தாவலும் அதற்கப்புறந்தான். கட்டில், திண்ணை, படி எதுவும் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

வெள்ளச்சி ஏழாவது வாரம் கட்டில்லாமல் நடந்தது. இடது பின்னங்கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் சேர்ந்திருக்கிறது; ஓடும்போது தெரியும், உட்கார்ந்தால் தெரியாது. நோம்பிக்கு வரும் பிள்ளைகள் இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் மடியில் ஏற்றிவிடுகிறோம். அம்மாயி இன்னமும் காலையில் எழுந்ததும் முதலில் தட்டைத்தான் பார்க்கிறார்.